தகடா, டேப்பா, இரண்டும் வேண்டாமா? உதட்டுப் பிளவுடன் பிறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களே, அப்பாக்களே, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பாட்டி தாத்தாக்களே,

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்து சில நாட்களோ சில வாரங்களோதான் ஆகியிருக்கும். உதட்டில் பிளவு இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அதோடு ஈறும் அண்ணமும் பிளந்திருக்கின்றன. பெற்ற உடம்பு தேறுவதற்குள் ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள். "மூணு மாசத்துல ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார் ஒருவர். "ஆபரேஷனுக்கு முன்னாடியே வாய்க்குள்ள பிளேட் வைக்கணும், நாள் போச்சுன்னா பிரயோஜனமில்ல" என்பார் இன்னொருவர். "டேப் ஒட்டினாலே போதும்" என்பார் மூன்றாமவர். செல்போனில் தேடினால் கன்னத்தில் டேப்பும் மூக்கில் கம்பியுமாக இருக்கும் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக வந்து இன்னும் கலங்கடிக்கும்.

நான் பிளவுச் சிகிச்சைக் குழு ஒன்றில் பல் சீரமைப்பு மருத்துவராக வேலை செய்கிறேன். பிளேட் என்று சொல்லப்படும் அந்தத் தகட்டைச் செய்வதும், பிள்ளையின் வாயில் பொருத்துவதும், வாராவாரம் அதைத் திருத்துவதும் என் வேலை. தகடு செய்கிறவரே அதன் வரம்பையும் சொல்லிவிடுவது நேர்மை என்று நினைத்து இதை எழுதுகிறேன். அறுவைக்கு முன் செய்யும் இந்தச் சிகிச்சை சில பிள்ளைகளுக்கு நல்ல பலன் தரும். பல பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. பிளவு எந்த வகை, உங்கள் வீட்டால் எவ்வளவு தாங்க முடியும், அறுவை செய்யப்போகும் மருத்துவர் எந்த முறையில் தேர்ந்தவர் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. தகடு வைக்காத பெற்றோர் பிள்ளைக்கு எந்தக் குறையும் வைத்துவிடவில்லை. மடலின் மையம் இதுதான். மற்றவை எல்லாம் இதற்கான விளக்கம்.

அதற்கு முன், மனதில் இருக்கும் ஒரு பாரத்தை இறக்கி வையுங்கள். கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, அரிவாள்மனையில் காய் நறுக்கியதாலோ பிள்ளையின் உதடு பிளக்கவில்லை. கருவில் மேலுதடு உருவாவது 4 முதல் 7 வாரத்துக்குள். அண்ணத்தின் இரு பாதிகளும் நடுவில் வந்து சேர்ந்து மூடிக்கொள்வது ஏறத்தாழ 12 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் உறுதிசெய்துகொள்ளும் நேரத்துக்குள் உதட்டின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். உலகம் முழுவதும் சுமார் 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தப் பிளவு வருகிறது. கிரகணத்துக்கு யாரும் பயப்படாத நாடுகளிலும் வருகிறது. மரபணுக்களும் கருக்காலச் சூழலும் கலந்த காரணங்கள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. பெரும்பாலான குடும்பங்களில் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்டவே முடியாது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது ஃபோலிக் ஆசிட் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்புக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மருமகளைக் குறை சொல்லும் பேச்சு வீட்டில் எழுந்தால், அதை அங்கேயே நிறுத்த வேண்டியது கணவர்தான். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவளை அழவைத்துவிட்டு எந்தச் சிகிச்சையும் நடக்காது.

இனி சிகிச்சைக்கு வருவோம். தகடா டேப்பா என்ற கேள்விக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளைக்கு எடை ஏறுகிறதா?

உதட்டில் மட்டும் பிளவு என்றால் பெரும்பாலான பிள்ளைகள் தாய்ப்பாலை நேராகவே குடித்துவிடுவார்கள். மார்பை உதட்டோடு பொருந்தும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும். அண்ணத்திலும் பிளவு இருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகாது. பிள்ளை சப்பிக்கொண்டே இருக்கும், வயிறு நிறையாது, களைத்துத் தூங்கிவிடும். அம்மாவோ குடித்துவிட்டதாக நினைத்திருப்பார். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையிலோ, கையால் அமுக்கினால் பால் வரும் மென்மையான பாட்டிலிலோ கொடுக்க வேண்டும். பாலாடையில் புகட்டுவது நம் பாட்டிகளின் கைக்குப் பழகிய வேலை. இன்றும் குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவமனைகளிலேயே அதைப் பயன்படுத்துகிறோம். பிள்ளையைக் கிடத்திப் புகட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்த வாக்கில் பிடித்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய் கொடுங்கள். பிளவு வழியாகக் காற்றும் உள்ளே போகும் என்பதால் நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வந்தால் பதற வேண்டாம். துடைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துத் தொடரலாம். ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், குடித்த பாலின் சத்தைக் குடிக்கிற உழைப்பே தின்றுவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே எடைமெஷினில், துணியில்லாமல் எடை பாருங்கள். பிறந்தவுடன் கொஞ்சம் எடை குறைவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறிக்கொண்டு வர வேண்டும். உதட்டு அறுவைக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பத்துகளின் கணக்கு ஒன்று உண்டு: வயது 10 வாரம், எடை 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரை கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். இன்று மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்கிறார்கள். அந்த நாளில் எடையும் ரத்தமும் போதாமல் திரும்பி வரும் பிள்ளைக்கு நான் எவ்வளவு அழகாகத் தகடு செய்திருந்தாலும் பயனில்லை.

சில இடங்களில் பால் குடிப்பதற்கென்றே அண்ணத்தை மூடும் தகடு ஒன்று செய்து தருகிறார்கள். அதை வைத்தால் பிள்ளை நன்றாக உறிஞ்சும் என்றும் சொல்வார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்தத் தகட்டால் பிள்ளையின் வளர்ச்சி கூடியதற்குச் சான்று காணவில்லை. சரியான பாட்டிலும், புகட்டும் முறையை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் ஒரு செவிலியரும் கிடைத்தாலே பெரும்பாலான வீடுகளில் பால் பிரச்சினை தீர்ந்துவிடும். இன்னொன்று: பிள்ளையின் கீழ்த்தாடை மிகச் சிறியதாக இருந்து, மல்லாக்கப் படுக்கவைத்தால் மூச்சு இழுத்தாலோ, நெஞ்சு குழிவிழுந்தாலோ, பால் குடிக்கும்போது நிறம் மாறினாலோ, அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். அங்கே தகட்டைப் பற்றிப் பேசவே நேரமில்லை, மூச்சுதான் முதல்.

பால் பழகி, எடை ஏறத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

அறுவைக்கு முன் எதுவுமே செய்யாமல், நன்றாக வளர்த்து, உரிய நாளில் அறுவைக்குக் கொண்டுவருவது முதல் வழி. உலகின் பல நல்ல மையங்கள் இதைத்தான் செய்கின்றன. இரண்டாவது, டேப். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை, உதட்டின் இரு பகுதிகளையும் நெருக்கி இழுத்து ஒட்டுவது. அறுவை செய்த உதடு தரும் அழுத்தத்தில் ஒரு பகுதியை அது முன்கூட்டியே தருகிறது. பிளந்த ஈறுகள் மெல்ல நெருங்கி வருகின்றன. சில மையங்களில் இதோடு மூக்குத் துளையைத் தூக்கிப் பிடிக்கும் மெல்லிய கொக்கி ஒன்றையும் நெற்றியில் ஒட்டுகிறார்கள். மூன்றாவது, தகடு. நான்காவதாக, உதட்டை முதலில் சிறிய அறுவையால் லேசாக ஒட்டவைத்து, பிறகு முழு அறுவையைச் செய்வது. இதற்குக் கூடுதலாக ஒருமுறை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். தாடையில் ஊசி இறக்கிப் பொருத்தித் தினமும் திருகும் லேதம் கருவியும் உண்டு. தாடையின் வளர்ச்சியை அது தடுத்துவிடுமோ என்ற கவலை இருப்பதால் சில மையங்களே அதைப் பயன்படுத்துகின்றன.

தகட்டிலும் இரண்டு வகை இருக்கிறது. இதைப் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம். பழைய வகை, ஈறுகளை மட்டும் வழிநடத்தும் தகடு. 1950களில் ஸ்காட்லாந்தில் மெக்நீல் என்ற பல் மருத்துவர் தொடங்கிவைத்து, ஐரோப்பா முழுவதும் பரவியது. புதிய வகை, ஈறோடு மூக்கையும் சேர்த்து வடிவமைப்பது. அதற்கு நேசோஆல்வியோலர் மோல்டிங் என்று பெயர். மருத்துவமனையில் சுருக்கமாக என்.ஏ.எம். என்பார்கள். தாயின் உடலிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் பிறந்த பிள்ளையின் ரத்தத்தில் சில வாரங்கள் அதிகமாக இருக்கும்; அந்த நாட்களில் குருத்தெலும்பு இளகிய தன்மையோடு, வளைத்த வாக்கில் நிற்கக்கூடியதாக இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1980களில் ஜப்பானில் மட்சுவோவும் அவர் குழுவினரும், பிறக்கும்போதே மடங்கியிருந்த காதுகளை அறுவையின்றி இப்படித் திருத்திக் காட்டினார்கள். 1990களில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாரி கிரேசனும் அறுவை மருத்துவர் கோர்ட் கட்டிங்கும் இந்த எண்ணத்தை மூக்குக்குக் கொண்டுவந்து, ஈறுத் தகட்டோடு ஒரு மூக்குத் தாங்கியை இணைத்தார்கள். இந்தியாவில் பல மையங்களில் இப்போது செய்யப்படுவது இந்த முறைதான்.

இது உங்களிடம் என்ன கேட்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிறந்து முதல் சில வாரங்களுக்குள் அண்ணத்தின் அளவை எடுக்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது. பிள்ளை விழித்திருந்து அழுதுகொண்டிருக்கும்போதே, வெறும் வயிற்றில் எடுப்போம். அழுகிறது என்றால் மூச்சு வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். அளவு எடுக்கும் பொருள் தொண்டைக்குள் நழுவிவிடும் ஆபத்து இருப்பதால், மூச்சு தடைப்பட்டால் உடனே கவனிக்கக்கூடிய மருத்துவர்களும் ஆக்சிஜனும் உள்ள மருத்துவமனையில்தான் இதைச் செய்ய வேண்டும். வசதி இல்லாத ஒரு தனி கிளினிக்கில் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். சில மையங்களில் இப்போது ஸ்கேனர் வைத்தே அளவு எடுக்கிறார்கள்.

தகடு வந்த பிறகு, கழுவும் நேரம் போக இரவும் பகலும் வாயில் இருக்க வேண்டும். ரப்பர் வளையத்தோடு சேர்ந்த டேப்பைக் கன்னத்தில் ஒட்டி அதைப் பிடித்துவைப்போம். வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ நீங்கள் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் தகட்டில் ஒரு பக்கம் கொஞ்சம் தேய்த்து, மறு பக்கம் மென்மையான பொருளைக் கொஞ்சம் சேர்த்து, ஈறுகளைச் சிறுகச் சிறுக நெருக்குவோம். இடைவெளி 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்த பிறகே மூக்குத் தாங்கியைச் சேர்ப்போம். அவசரப்பட்டு முன்னால் சேர்த்தால் மூக்குத் துளை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். இப்படி மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஓடும். கன்னம் சிவந்து தோல் உரியலாம். ஈறில் புண் வரலாம். வாயில் வெண்புண் வரலாம். தகடு கழன்று தொண்டையை அடைக்கும் ஆபத்து அரிதானது, ஆனாலும் உண்டு; அதற்காகவே தகட்டின் நடுவில் மூச்சுக்கு ஒரு துளை விடுகிறோம்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? இங்கே உங்களுக்கு ஆய்வுகளை நேராகச் சொல்ல வேண்டும்.

பழைய வகைத் தகட்டை நெதர்லாந்தில் மிக ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். நைமெகன், ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் ஆகிய மூன்று நகர மையங்களில், 1990களில், ஒரு பக்கம் முழுப் பிளவோடு பிறந்த 54 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தகடு வைத்தார்கள். டச்சுகிளெஃப்ட் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். பால் குடிப்பதிலோ, எடையிலோ, தாடை வளைவிலோ, முகத்தோற்றத்திலோ நிலைத்து நிற்கும் பலன் எதுவும் தகடு வைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பேச்சில் சின்ன வயதில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. ஐரோப்பாவின் ஆறு மையங்களை ஒப்பிட்ட யூரோகிளெஃப்ட் ஆய்வும் இதை ஒட்டிய பாடத்தையே சொன்னது: எவ்வளவு சிகிச்சை செய்தார்கள் என்பதற்கும் எவ்வளவு நல்ல பலன் வந்தது என்பதற்கும் பொருத்தம் இல்லை. அதிகம் செய்த இடங்களில் அதிகம் கிடைத்துவிடவில்லை.

என்.ஏ.எம். முறையின் கணக்கு வேறு. அதன் நோக்கம் மூக்கு. அறுவைக்கு முன் பிளவின் அகலம் குறைகிறது, சரிந்த மூக்கு நிமிர்கிறது என்பதில் ஐயமில்லை. அறுவை மருத்துவருக்கு உதட்டை இழுத்துப் பிடிக்காமல் தைக்க முடிகிறது. இருபுறமும் முழுப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய உதவி. அவர்களுக்கு நடுத்தாடைத் துண்டு மூக்குக்குக் கீழே முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூண் ஏறத்தாழ இல்லாமலே இருக்கும். தகடு அந்தத் துண்டை உள்ளே கொண்டுவந்து, அந்தத் தூணை நீட்டிக் கொடுக்கிறது. ஆனால் பிள்ளை வளர்ந்து ஆளாகும்போது இந்தப் பலனில் எவ்வளவு மிஞ்சும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பல ஆய்வுகள் சிறியவை. குலுக்கல் முறையில் செய்யப்படாதவை. தகடே வைக்காமல் நல்ல மூக்கையும் உதட்டையும் தரும் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே பிளவின் வகையை வைத்து நான் இப்படிச் சொல்வேன். உதட்டில் மட்டும், அதுவும் பாதியளவு பிளவு என்றால் தகடு வேண்டாம். அண்ணத்தில் மட்டும் பிளவு, உதடும் ஈறும் முழுதாக இருக்கின்றன என்றால் அங்கே வடிவமைக்க ஒன்றுமில்லை, தகடு வேண்டாம். ஒரு பக்கம் முழுப் பிளவு, ஆனால் இடைவெளி குறுகியது என்றால் டேப் போதுமா என்று கேளுங்கள். பல நேரம் போதும். ஒரு பக்கம் அகன்ற பிளவு, மூக்கு நன்றாகச் சரிந்திருக்கிறது என்றால் தகட்டைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். இருபுறமும் முழுப் பிளவு, நடுத்துண்டு துருத்தியிருக்கிறது என்றால் வீட்டு நிலைமை இடம்கொடுக்கும்போது தகடு வைப்பதை நான் பரிந்துரைப்பேன். தகடு முடியாது என்றால் டேப்பையாவது விடாமல் ஒட்டச் சொல்வேன்.

வீட்டு நிலைமை என்று நான் சொல்வது சின்ன விஷயமல்ல. மருத்துவ ஆலோசனையில் இதை யாரும் கேட்பதில்லை. நீங்களும் சொல்லத் தயங்குகிறீர்கள். நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். தகடு வைக்க வேண்டிய அந்த மூன்று நான்கு மாதமும் அம்மாவும் பிள்ளையும் அங்கேதான் இருப்பார்கள். அப்பாவின் ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையில் தொடங்கிவிட்டு, தாய்வீட்டிலிருந்து வாராவாரம் நூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வருவது எத்தனை வாரம் நடக்கும்? பிள்ளையும் அம்மாவும் எங்கே இருக்கப் போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்து, அதற்குப் பக்கத்தில் மையம் பாருங்கள். சிசேரியன் ஆன உடம்பா? வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருக்கிறதா? கூட வருபவருக்கு அன்றைய கூலி போய்விடுமா? சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் போன கூலியும் இலவசம் ஆகாது. இவற்றை எண்ணிப் பார்த்து "எங்களால் முடியாது" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னால் டேப்பை எப்படி ஒட்டுவது என்று ஒருமுறை நன்றாகக் கற்றுக்கொண்டு போங்கள். பாதியில் விட்ட தகட்டைவிட, ஒழுங்காக ஒட்டிய டேப் மேல்.

முடியும் என்று தொடங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். டேப்பை வெடுக்கென்று பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல எடுங்கள். கன்னத்தில் முதலில் தோலைக் காக்கும் பட்டை ஒன்றை ஒட்டி, அதன் மேல் டேப்பை ஒட்டச் சொல்லிக் கொடுப்பார்கள்; அந்தப் பட்டையை நாள்தோறும் மாற்ற வேண்டியதில்லை. ஒட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி வைத்தால் தோல் ஆறும். வெயில் காலத்தில் வியர்வையில் டேப் நிற்காது. அடிக்கடி துடைத்துக் காயவைக்க வேண்டியிருக்கும். தகட்டை நாள்தோறும் கழற்றிக் கழுவுங்கள். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தகடு கோணிவிடும். கழற்றும்போதெல்லாம் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்போ புண்ணோ இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். தகடு வைத்த பிறகு இரண்டு மூன்று நாள் பிள்ளை பால் குடிக்கத் தடுமாறுவது இயல்பு. ஒரு வாரத்துக்குப் பின்னும் எடை ஏறவில்லை என்றால் தகட்டை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். எடையா தகடா என்று வரும்போது எடைதான் வெல்ல வேண்டும். இதைத் தகடு செய்கிற நானே சொல்கிறேன்.

பாட்டிமார்களே, உங்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கலை உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்குக் கன்னத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம்; டேப் ஒட்டாது. மூக்கு எடுப்பாக வரட்டும் என்று நீவிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிளந்த மூக்கின் குருத்தெலும்பை எந்தத் திசையில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது மில்லிமீட்டர் கணக்கு. அதை எங்களிடம் விட்டுவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். அதே நேரம், இந்தச் சிகிச்சை ஒரு வீட்டில் வெற்றி பெறுவதும் பெரும்பாலும் உங்களால்தான். இரவு இரண்டு மணிக்குக் கழன்ற டேப்பை மகளை எழுப்பாமல் ஒட்டிவிடும் பாட்டி இருக்கும் வீட்டில் தகடு நிலைக்கிறது. டேப்போடு பிள்ளையை வெளியே தூக்கிப்போக வெட்கப்படும் வீடுகளையும் பார்க்கிறேன். தூக்கிக்கொண்டு போங்கள். கேட்பவர்களுக்கு "உதட்டை ஒட்டவைக்க வைத்தியம் நடக்கிறது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு நடங்கள்.

முடிவெடுக்கும் முன் மருத்துவமனையில் இவற்றைக் கேளுங்கள். என் பிள்ளைக்கு எந்த வகைப் பிளவு? தகடு வைத்தால் என்ன கிடைக்கும், வைக்காவிட்டால் அறுவையில் என்ன மாறும்? அறுவை செய்யப்போகிறவர் யார், அவர் தகடு வைக்கச் சொல்கிறாரா, இல்லாமலும் செய்கிறாரா? எத்தனை முறை வர வேண்டும், அவற்றில் எதையாவது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள முடியுமா? தகட்டுக்குப் பணம் உண்டா, இலவசத் திட்டத்துக்குள் வருகிறதா? இரவில் ஏதாவது என்றால் யாருக்குப் போன் செய்வது? அறுவை மருத்துவரும் தகடு வைப்பவரும் ஒருவரோடு ஒருவர் பேசாத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளும் இடம் என்றாலும் வேறு இடம் பாருங்கள். இன்னும் பல ஆண்டுகள் நீங்கள் வந்துபோக வேண்டிய உறவு இது.

ஆம், பல ஆண்டுகள். உதடு மூன்று முதல் ஆறு மாதத்தில். அண்ணம் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள். பிறகு காதுப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி. ஈறு பிளந்த பிள்ளைகளுக்கு 8 முதல் 11 வயதுக்குள் ஈறில் எலும்பு வைக்கும் அறுவை. அதற்குப் பின் பல் சீரமைப்பு. சிலருக்கு வளர்ச்சி நின்ற பிறகு தாடைக்கும் மூக்குக்கும் அறுவை. தகடு இந்த நீண்ட பாதையின் முதல் நான்கு மாதம். அங்கேயே கையிருப்பையும் தெம்பையும் விடுமுறையையும் தீர்த்துவிட்டு, அண்ண அறுவைக்கு ஒரு வருடம் தாமதமாக வரும் குடும்பங்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. பிள்ளை நாளைக்குத் தெளிவாகப் பேசுவதற்கு அண்ணத்தை உரிய காலத்தில் மூடுவதும், விடாத பேச்சுப் பயிற்சியும் வேண்டும். அவற்றுக்கு ஈடாகத் தகட்டை வைக்க முடியாது.

செலவைப் பற்றி அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதன் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டும்படி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். ஸ்மைல் டிரெயின் போன்ற தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து இயங்கும் மருத்துவமனைகளில் அறுவை இலவசமாகவே நடக்கிறது. தகடும் பேச்சுப் பயிற்சியும் அதில் சேருமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று. பிள்ளையின் எடையைக் குறித்துவையுங்கள். அறுவை மருத்துவர், பல் சீரமைப்பு மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் மூவரும் ஒன்றாக வேலை செய்யும் ஒரு மையத்துக்குப் போன் செய்து நாள் வாங்குங்கள்; வடிவமைக்கும் சிகிச்சை செய்வதென்றால் முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. அந்த நாள் வரும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, வாராவாரம் யார் கூடப் போவது, இரவில் யார் பார்ப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சிலேயே தகடா, டேப்பா, இரண்டும் வேண்டாமா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு நாங்கள் இருக்கிறோம். முதல் மாதம் கடந்த பிறகுதான் இந்த மடல் உங்கள் கைக்கு வந்தது என்றாலும் மனம் தளர வேண்டாம்; உங்கள் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய முக்கியமான எல்லாவற்றுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது.

மிகுந்த அன்புடனும் நம்பிக்கையுடனும்,
பிளவுச் சிகிச்சைக் குழுவிலிருந்து உங்கள் பல் சீரமைப்பு மருத்துவர்